வானின் எஞ்சினா, தனி எஞ்சினா? கம்பளம் கழுவும் இயந்திரம் வாங்குவோருக்கு

ரொறன்ரோவில் கம்பளம் கழுவும் தொழிலுக்காக வான் வண்டியில் பொருத்தும் இயந்திரம் வாங்கப் போகிறவர் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இயந்திரத்துக்குத் தனி எஞ்சின் வேண்டுமா, வானின் எஞ்சினே போதுமா? நான் வாங்கியது தனி எஞ்சின் உள்ள ஸ்லைட்-இன் வகை. நாளைக்கு வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன்.

கழுவும் வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. சுடுநீரை அழுத்தத்துடன் பீய்ச்சுவதும், அழுக்கு நீரை ப்ளோவரால் உறிஞ்சி எடுப்பதும் இரண்டிலும் ஒன்றுதான். பட்லர், ஹைட்ராமாஸ்டரின் சிடிஎஸ் போன்ற, வானின் எஞ்சினாலேயே இயங்கும் டைரக்ட் டிரைவ் வகைகளில் சத்தம் குறைவு, வானுக்குள் இடமும் மிச்சம், பார்த்துக்கொள்ள ஒரே எஞ்சின். நண்பர் ஒருவரின் வானில் ஒரு மாதம் வேலை செய்தபோது, அயலவர் முகம் சுளிக்காமல் காலையிலேயே தொடங்க முடிந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த வகையில் என் அனுபவம் அந்த ஒரு மாதம்தான். ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்களிடமும் கேளுங்கள்.

என்னைத் தடுத்தது எஞ்சினின் உழைப்பு. வான் வாசலில் நிற்கும்போது கிலோமீற்றர் ஏறாது, எஞ்சின் தேய்ந்துகொண்டே இருக்கும். சும்மா ஓடும் ஒரு மணி நேரமே சுமார் 33 மைல் ஓட்டத்துக்குச் சமம் என்பது ஃபோர்டின் கணக்கு. நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் ஆயிரம் கிலோமீற்றரைத் தாண்டிவிடும். எஞ்சின் படுத்துவிட்டால் வண்டியும் இல்லை, தொழிலும் இல்லை.

இன்னொன்று, நம் வீதிகளில் குளிர்காலம் முழுதும் கொட்டப்படும் உப்பு. என் முதல் வான் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை விரலால் அழுத்தினால் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போது இயந்திரத்துக்கு இன்னும் பல வருட ஆயுள் இருந்தது. தளத்தோடு பிணைத்திருந்த போல்ட்களைக் கழற்றி, பெட்ரோல் குழாயைப் பிரித்து, ஃபோர்க்லிப்டால் தூக்கி அடுத்த வானில் வைத்தோம். இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பினேன். டைரக்ட் டிரைவையும் மாற்றலாம். ஆனால் புதிய வானின் எஞ்சினுக்குப் பொருந்தும் தாங்கிகளும் பெல்ட் அமைப்பும் வேண்டும். விற்கும்போதும் இதே சிக்கல்தான்: ஸ்லைட்-இன்னைத் தனியாக விற்கலாம், மற்றதை வானோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் வாங்குவார்கள்.

உறைபனி இரண்டுக்கும் எதிரி. இரவில் சூடுள்ள கராஜ் இல்லையென்றால், குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஏற்றாமல் தூங்கப் போகாதீர்கள்.

பழையது வாங்குவதானால், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணிமானியை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, ப்ளோவரின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். நறநறவென்று உரசினால் உள்ளே துரு. அதை வாங்காமல் வந்துவிடுங்கள்.