ஒன்றாம் வகுப்பில் ஸ்பீக்கர், டேப்லெட், புரொஜெக்டர்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

கிராமத்து அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது வந்த பிள்ளைகளில் பலர் வகுப்பறையையே அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் செல்போனில் வீடியோ தேடத் தெரிந்திருந்தது. அப்போதிலிருந்து ஒரு புரொஜெக்டர், இரண்டு டேப்லெட், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், என் செல்போன் இவற்றை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். பிள்ளைகளுக்கு எதையாவது காட்டும் கருவிகளைவிட, அவர்கள் செய்ததையும் சொன்னதையும் பிடித்து வைக்கும் கருவிகளே ஐந்து, ஆறு வயதில் அதிகம் உதவுகின்றன என்பது என் அனுபவம்.

புரொஜெக்டரைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். படம் தெளிவாகத் தெரிய ஜன்னலைச் சாத்த வேண்டும். மார்ச் மாதத்துப் புழுக்கத்தில் அது பெரிய தொல்லை. அதைவிட முக்கியம், இருட்டில் பிள்ளைகளின் முகம் தெரியாது. யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பதை நான் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பாட்டு வீடியோக்களில் இன்னொன்றையும் கவனித்தேன். முதல் நாள் கூடவே ஆடுவார்கள். சில நாட்களில் பாடுவதை விட்டுவிட்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதே பாட்டை ஸ்பீக்கரில் மட்டும் போட்டால் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். யானைக்கு ஒருவன் கையைத் தும்பிக்கையாக்குவான், இன்னொருத்தி காதை விரித்துக் காட்டுவாள். 2022இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்றுத்தரும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பாடல் களம், கதைக் களம் என்று வகுப்பு நடக்கத் தொடங்கிய பிறகு, என்னிடம் இருப்பவற்றில் அதிகம் உழைப்பது இந்த ஸ்பீக்கர்தான். கதை வீடியோ போடும் நாளில் ஒலியை நிறுத்திவிடுவேன். நரிக்கும் காகத்துக்கும் பிள்ளைகளே குரல் கொடுப்பார்கள்.

குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை நேரில் பேசிய ஆளிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அதையே வீடியோவில் காட்டியபோது கற்கவில்லை. என் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள் என்பதால் அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இருந்தாலும் பேச்சு வளர எதிரில் ஒரு ஆள் தேவை என்பதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

டேப்லெட்டில் எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்பேன். எழுத்தைக் கீழிருந்து மேலாக இழுத்தாலும் சில செயலிகள் நட்சத்திரம் கொடுத்துவிடுகின்றன. கண்ணாடியில் விரல் வழுக்கிப் போகிறது. பென்சிலுக்கு வேண்டிய பிடியும் அழுத்தமும் வருவதில்லை. அதற்கு மணல் தட்டும் சிலேட்டும் போதும்.

டேப்லெட் உண்மையில் உதவியது கேமராவாகத்தான். பாசிப்பயறு முளைவிடுவதைப் பிள்ளைகளே தினமும் ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் படங்களை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தபோது முளை வளர்ந்தது, மறுபடி சுருங்கிப் பயறுக்குள் போனது. "டீச்சர், நேத்து வால் இல்ல, இன்னைக்கு வால் வந்திருச்சு" என்று ஒரு பையன் கத்தினான். இந்த வயதில் நேற்று, நாளை, முந்தாநாள் எல்லாம் குழம்பிக் கிடக்கும். போன தீபாவளியைக்கூட 'நேத்து' என்பார்கள். படங்களைத் தள்ளத் தள்ள அந்தக் குழப்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எந்தப் படம் முதலில் என்று சண்டை வேறு நடந்தது. அந்தச் சண்டைக்காகவே ஒரு டேப்லெட்டுக்கு இரண்டு பேரை உட்கார வைக்கிறேன். ஆளுக்கொன்று கொடுத்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

அப்புறம் குரல் பதிவு. வரைந்த படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வதை போனில் பதிவு செய்து, உடனே போட்டுக் காட்டுவேன். தன் குரலைக் கேட்டதும் பலர் "இன்னொரு தடவை சொல்றேன்" என்பார்கள். அந்த இரண்டாவது தடவையில் வாக்கியம் நீளும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை, மூலையில் போனை வைத்துக்கொண்டு தன் ஆட்டுக்குட்டியைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். அவளுக்கு இவ்வளவு சொற்கள் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஜூனில் வாசித்ததையும் ஜனவரியில் வாசித்ததையும் அடுத்தடுத்துப் போட்டால் போதும், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முதல் நிலையான அரும்பிலிருந்து அடுத்த நிலையான மொட்டுக்குப் பிள்ளை வந்ததைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. திருப்பூரில் வேலை செய்யும் ஓர் அப்பா மகனின் வாசிப்பைக் கேட்டுவிட்டு இரவே கூப்பிட்டார். பேச்சே வரவில்லை அவருக்கு. பதிவுகளை அந்தந்த வீட்டுக்கு மட்டுமே அனுப்புகிறேன், பொதுக் குழுவில் போடுவதில்லை. பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுவேன்.

நேரக் கணக்கும் முக்கியம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் பிள்ளைகள் அதைவிட ஓரிரு வயது மூத்தவர்கள். ஆனால் வீட்டிலேயே நிறையப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வகுப்பில் ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம்தான். டேப்லெட்டை ஃப்ளைட் மோடில் போட்டு, ஒரே செயலி மட்டும் திறந்திருக்கும்படி பூட்டிவிட்டுக் கொடுப்பேன். தடிமனான ரப்பர் உறை கட்டாயம் வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஸ்பீக்கரும் போன் ஸ்டாண்டும், அடுத்து ஒரு டேப்லெட், கடைசியில் புரொஜெக்டர் என்ற வரிசையில் வாங்குங்கள். ஸ்பீக்கரில் மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போனிலிருந்து பாட்டு ஓடும்போது யாராவது அழைத்தால், ஆடிக்கொண்டிருக்கும் வகுப்பு அப்படியே நின்றுவிடும்.