பழைய செட்டா, புது சவுண்ட்பாரா, துண்டு துண்டாகச் சேர்ப்பதா?

"பிரிச்சுத் தர மாட்டேன் தம்பி. எடுத்தா ரேக்கோட எல்லாத்தையும் எடுத்துக்கணும்."

அண்ணா நகரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுப் பெரியவர் இப்படிச் சொன்னபோது எனக்கு வேண்டியிருந்தது ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் மட்டும்தான். அவர் விற்றதோ அதோடு சிடி பிளேயர், இரட்டை கேசட் டெக், ரேடியோ பிடிக்கும் டியூனர், கண்ணாடிக் கதவு போட்ட ரேக் எல்லாம் சேர்த்து. கேட்டது 32,000 ரூபாய். இழுத்துப் பிடித்து 25,000-க்கு முடித்தேன். இது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. அதே மாதம் என் மச்சான் ஏறக்குறைய அதே பணத்துக்குப் புது சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர், வாங்கினார். அலுவலக நண்பர் ஒருவர் அப்போதே ஆம்ப் ஓரிடத்தில், ரெக்கார்ட் பிளேயர் இன்னோரிடத்தில் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார். மூன்று வழியும் கண் முன்னாலேயே நடந்ததால்தான் எழுதத் துணிகிறேன். நான் பழைய முழு செட்டின் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சத்தத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. எட்டடி இடைவெளியில் நிற்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பாடகர் வந்து நிற்பதும், தபலா வலது பக்கம் ஒதுங்கி வாசிப்பதும் மூன்றடி நீளக் கம்பு ஒன்றுக்குள் வருவது கஷ்டம். பாட்டு கேட்கப் பெட்டிகள், டிவி பார்க்க சவுண்ட்பார். படத்தில் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும், ஒரே ரிமோட்டில் மாமியாரும் இயக்க வேண்டும், சுவரில் ஒயர் தொங்கக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு சவுண்ட்பார் வாங்கிவிடலாம். தப்பே இல்லை.

வசதியிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. டிவியிலிருந்து ஒரே எச்டிஎம்ஐ ஒயரில் ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி 2009-இல் வந்தது. என் செட் அதற்கும் முந்தியது, பின்னால் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ துளைகள் மட்டும்தான். டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டியும் சத்தமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒயரைத் திட்டிவிட்டு, கடைசியில் டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஒலியை 'பிசிஎம்' என்று மாற்றியதும் பேசியது. மச்சான் வீட்டில் டிவியைப் போட்டாலே பார் தானாக உயிர் பெறும். நான் இன்றுவரை எழுந்து போய் ஆம்பின் பட்டனை அமுக்குகிறேன்.

சரி, பிறகு ஏன் பழையது? நான் கணக்குப் போட்டது பழுதை வைத்து. எந்தச் செட்டும் ஒருநாள் கெட்டுப்போகும். கெட்டுப்போனது எது, அதை யார் சரிசெய்வார், அது கிடக்கும்போது மற்றவை தனியாக நிற்குமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால்தான் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

மச்சானின் பார் மூன்றாம் வருடம் ஒரு மழை இரவில் கரண்ட் போய் வந்தபோது அணைந்தது. பிறகு எழவில்லை. சர்வீஸ் ஆள் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு மாத்தணும் சார், 11,000 ஆகும்" என்றார். பவர் சப்ளை, ஆம்ப், புளூடூத் எல்லாம் ஒரே போர்டில். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. அதோடு வந்த சப்வூஃபர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தன் ஜோடி பாரைத் தவிர வேறெதனோடும் சேராது. இப்போது அதன் மேல் ஃபோன் சார்ஜர்கள் கிடக்கின்றன. ஒரு பார் செத்ததை வைத்து எல்லாப் பாரையும் எடை போடுவது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆறு வருடமாகச் சிணுங்காமல் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நின்றுவிட்டால் மொத்தமும் நின்றுவிடும் என்பதில் மாற்றமில்லை.

என் செட் இந்த நான்கு வருடத்தில் ஐந்து முறை படுத்தது. முதலில் டெக். வந்த மூன்றாம் வாரமே பெல்ட் உருகிக் கருப்பு ஜவ்வாகச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நான் சரிசெய்யவே இல்லை, ரேக்கில் அழகுக்கு இருக்கிறது. அடுத்தது சிடி பிளேயர், தட்டைப் படிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. லென்ஸ் மாற்ற 1,100. பிறகு ஒருநாள் இடது பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. ஆம்பைப் போட்டதும் நாலு விநாடி கழித்து 'டிக்' என்று ஒரு ரிலே, அதாவது ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச், தட்டுமே, அதன் முனைகள் கருத்துப் போயிருந்தன. ரிலேயை மாற்றி, வால்யூம் குமிழுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து, மொத்தம் 900. இன்னொரு முறை மேல்மூடியின் காற்றுத் துளை வழியாகப் பல்லி ஒன்று உள்ளே போய் போர்டில் கருகிவிட்டது. ஃபியூஸ், ஒரு ரெசிஸ்டர், 600 ரூபாய், இரண்டு நாள் வீடு முழுக்க நாற்றம்.

பெரிய செலவு பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரில், அதாவது வூஃபரில் வந்தது. இரண்டாம் வருடம் நவம்பரில் பேஸ் வரும் இடங்களில் 'பட பட'வென்று காற்றில் அடிபடும் காகிதம் போல ஒரு சத்தம். துணி மூடியைக் கழற்றி வூஃபரின் ஓரத்தில் விரலை வைத்தேன். பழைய மைசூர்பாகு மாதிரி உதிர்ந்தது, விரலில் கருப்பாகப் பிசுபிசுத்தது. அதிர்ந்து ஒலி எழுப்பும் கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் அந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோம். பத்து, இருபது வருடத்தில் தானாகவே மக்கும். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இன்னும் சீக்கிரம். செட்டை வாங்கும்போது நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், கையால் தொட்டுப் பார்க்கவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவில் முதலில் நுழைந்த கடையில், "கோனையே மாத்திடலாம் சார், ஒண்ணு 650" என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் ஒலியைப் பேஸ், டிரெபிள் என்று பிரித்து அனுப்பும் கிராஸோவர் அந்தக் கோனின் எடைக்கும் அதை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கும் ஏற்றபடி அமைத்தது. கடைக் கோனைப் போட்டால் சத்தம் வரும், பழைய சத்தம் வராது. விசாரித்து இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சுற்றிலும் காந்தம் வெளியே தெரிய வாய்பிளந்த ஸ்பீக்கர்கள். அவர் பழைய ஃபோமைச் சுரண்டி, தின்னரால் பசையைத் துடைத்து, புது வளையத்தைக் கோனில் ஒட்டிக் காயவிட்டார். வெளி ஓரத்தை ஒட்டும்போதுதான் வித்தை. அடித்தொண்டை முனகல் மாதிரி ஒரு ஒலியை மெதுவாக ஓடவிட்டு, காயில் உரசாமல் நடுவில் நிற்கும்வரை கட்டைவிரல்களால் வளையத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். "காது சொல்லும் சார்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து 2,400. மறுநாள் மாலை கொண்டுவந்து மாட்டினேன். இன்றுவரை பிரச்சினை இல்லை.

ஆக ரிப்பேருக்கு மட்டும் 5,000. கேட்பவர்கள் "இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே" என்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. டெக் செத்தபோது சிடி பாடியது. சிடி கடைக்குப் போனபோது ஃபோனிலிருந்து கேட்டேன். வூஃபர் இல்லாத அந்த இரண்டு நாள் தம்பியிடம் சின்னப் பெட்டிகளைக் கடன் வாங்கி ஆம்பில் மாட்டினேன். எந்த உறுப்பு போனாலும் அதை மட்டும் பிடுங்கி எடுக்கலாம். என் நிபந்தனை இதுதான். முழு செட்டாக வாங்கலாம், ஆனால் அது பிரிகிற செட்டாக இருக்க வேண்டும்.

இதனால்தான் பழைய ஹோம் தியேட்டர் செட்டுகளை நான் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டேன். டிவிடி பிளேயரும், ஆறு சேனலுக்கான ஆம்பும் ஒரே பெட்டியில். ஸ்பீக்கர் ஒயர் நுனியில் கலர் கலராக அந்தக் கம்பெனிக்கே உரிய பிளக். ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 3 ஓம், சாதாரண ஆம்பில் மாட்டினால் ஆம்புக்குத் திண்டாட்டம். அந்த ஒரு பெட்டி படுத்தால் மீதி எல்லாம் பேரீச்சம்பழக்காரருக்கு. சவுண்ட்பாருக்கு உள்ள அதே வியாதி, வாரண்டி மட்டும் கிடையாது. 'முழு செட் விற்பனைக்கு' என்று வருவதில் நிறைய இந்த ரகம், பார்த்து நடக்கவும்.

பழைய மினி செட்டுகளிலும் இன்னொரு கண்ணி உண்டு. நிறையவற்றில் சான்யோ கம்பெனியின் எஸ்டிகே வகை ஐசி, அதாவது ஒற்றைச் சிப், ஒன்றுதான் ஆம்ப். அசல் உற்பத்தி நின்று வருடக்கணக்காகிறது, கடையில் கிடைப்பதில் டூப்ளிகேட் ஏராளம். போட்டு ஆன் செய்ததும் புகை விட்டதைப் பார்த்திருக்கிறேன். தனித்தனி டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப் என்றால் மெக்கானிக் முகம் மலர்கிறது. "5200, 1943 ஜோடி போட்டுடலாம்" என்று டிரான்சிஸ்டர் எண்ணையே பெயராகச் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் அதனோடு. அதிலும் டூப்ளிகேட் உண்டு, ஆனால் எந்தக் கடையில் அசல் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

துண்டு துண்டாகச் சேர்ப்பது கொள்கையளவில் மூன்றிலும் சிறந்தது. பிடித்த ஆம்ப், பிடித்த பெட்டி, வேண்டாததற்குக் காசு இல்லை. நடைமுறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பயணம், ஒரு பேரம், ஒரு பொய். நண்பர் முதலில் வாங்கிய ஆம்ப் அமெரிக்காவிலிருந்து வந்தது. 120 வோல்ட் என்று பின்னால் எழுதியிருந்ததைப் பார்க்காமல் நம் வீட்டு 230-இல் சொருகினார், அவ்வளவுதான். ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100 வோல்ட், தனி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் டியூனர் பழையது என்றால் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். சென்னையில் ரெயின்போ எஃப்எம் 101.4-இல் பாடுகிறது, கேட்கவே முடியாது. வளைகுடாவிலிருந்து வந்தவற்றில் பின்னால் வோல்டேஜ் சுவிட்ச் இருக்கும், முள் 220 அல்லது 240-இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சொருக வேண்டும். ஒரே வீட்டில் இத்தனை வருடம் ஓடிய முழு செட்டில் இந்தத் தலைவலிகள் எதுவும் கிடையாது. அங்கேயே, உங்கள் கண்ணெதிரே, நம் கரண்டில் பாடிக்கொண்டிருக்கிறது. நண்பருக்கு இன்னும் நல்ல ஸ்பீக்கர் அமையவில்லை. ஆனால் மனிதர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், தேடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு.

விலை பேசும்போது நான் மனதுக்குள் போட்ட கணக்கு: ஸ்பீக்கருக்கு 14,000, ஆம்புக்கு 10,000, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,000. "டெக்கு மட்டுமே அந்தக் காலத்துல எவ்வளவு தெரியுமா தம்பி?" என்று பெரியவர் கேட்டார். தெரியும், அதற்கு நான் காசு தரவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.

பார்க்கப் போகும்போது ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் பாடும். முக்கால் மணி ஓடிச் சூடேறியதும்தான் டிரை சால்டர், அதாவது விட்டுப்போன பற்றவைப்பு, இருந்தால் காட்டிக்கொடுக்கும். பேலன்ஸ் குமிழை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் வைத்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் 'உம்ம்' என்ற ஹம்மிங் இருக்கிறதா என்பது தெரியும். இருந்தால் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சருக்கு வயதாகியிருக்கலாம். ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோய், பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் டிசி கரண்ட் கசிகிறதா என்று பார்த்தேன். 18 மில்லிவோல்ட். 50-ஐத் தாண்டியிருந்தால் காபியை மட்டும் குடித்துவிட்டு வந்திருப்பேன். அப்புறம், நான் செய்யத் தவறியது: வூஃபர் ஓரத்தை விரலால் தொடுங்கள். ரப்பர் என்றால் வழவழப்பாக இருக்கும், கவலை வேண்டாம். பஞ்சு மாதிரித் துளைகள் தெரிந்தால் ஃபோம். அது கெட்டியாக இருந்தாலும் 2,400-ஐ விலையில் கழித்துக் கேளுங்கள்.

கொண்டுவருவதற்குக் குட்டி யானை 1,200 கேட்டது, அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஒவ்வொன்றும் 19 கிலோ, லிஃப்ட் கிடையாது. பெரியவர் ஒவ்வொரு ஒயரிலும் சின்னக் காகிதம் ஒட்டி, எது எங்கே என்று நீல மையில் எழுதி வைத்திருந்தார். நான் அவற்றைப் பிய்க்கவில்லை. பிரிக்கும் முன் ரேக்கின் பின்பக்கத்தை ஃபோனில் நாலு படம் எடுத்தேன். பெட்டிகளைக் கம்பளியில் சுற்றி நிமிர்த்தி வைத்துக் கட்டினோம். வண்டி கிளம்பும் வரைக்கும் அவர் மாடியிலிருந்து, "டிரைவர் கிட்ட சொல்லுங்க, ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.