ஜு, ஜி, மஜி: பழைய ஜப்பானிய மறுப்புகளில் எது எதற்கு?

நிக்கோ நகரின் தோஷோகு ஆலயத்தில், குதிரை லாயத்தின் மரச்சுவரில் மூன்று குரங்குகள் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொண்டு அமர்ந்திருக்கின்றன. மிஜரு, கிகஜரு, இவஜரு. பாராதது, கேளாதது, பேசாதது. குரங்குக்கு ஜப்பானியத்தில் 'ஸரு' என்று பெயர். 'ஜரு' பழைய எதிர்மறை விகுதி. அந்த ஒலி ஒற்றுமையில்தான் குரங்குகள் வந்து சேர்ந்தன என்பார்கள்.

இன்றைய ஜப்பானியத்தில் 'நை' என்ற ஒரே விகுதி பெரும்பாலான மறுப்பு வேலைகளையும் பார்த்துவிடுகிறது. செவ்வியல் மொழியிலோ 'இகு' (போ) என்ற வினைக்கே இகஜு, இகஜி, இகுமஜி என மூன்று மறுப்புகள் உண்டு. மூன்றையும் 'போகவில்லை' என்று பெயர்ப்பது பெரும் பிழை.

'ஜு' நடந்ததை நடந்தபடி சொல்வது: போகவில்லை, அவ்வளவுதான். 'ஜி'யில் பேசுபவரின் மனம் இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொன்னால் 'போகமாட்டேன்' என்ற உறுதி. பிறரைப் பற்றிச் சொன்னால் 'போகமாட்டார்' என்ற ஊகம். நூறு கவிஞர்களின் நூறு பாடல்கள் அடங்கிய 'ஹியாகுனின் இஷ்ஷு' தொகுப்பில் அரசவைப் பெண் எழுத்தாளர் ஸெய் ஷோனகோனின் பாட்டு ஒன்று உண்டு. விடிந்துவிட்டதென்று நம்பவைக்கச் சேவல் கூவியதுபோல் நடித்து யாரை ஏமாற்றினாலும், ஓஸக என்ற பழைய எல்லைக் காவல் வாயில் மட்டும் 'யுருஸஜி', திறக்க விடாது என்கிறார். ஓஸக என்ற பெயருக்குள் 'சந்திப்பு' என்ற பொருளும் ஒளிந்திருக்கிறது. அங்கே யுருஸஜு என்று வைத்துப் பாருங்கள், வெறும் தகவலாகிவிடும். கதவைச் சாத்தும் பெண்ணின் குரல் அந்த ஒற்றை 'ஜி'யில்தான் இருக்கிறது. மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

'மஜி' எடை கூடியது. கூடாது, தகாது, முடியாது, நடக்கவே நடக்காது என்று பல பொருள்களைச் சுமக்கும். 'ஜி' எங்கு வந்தாலும் உருவம் மாறாது. 'மஜி' ஜப்பானியப் பெயரடைபோல உருவம் திரியும். அதனால்தான் 'அருமஜிகி' (இருக்கத் தகாத) என்ற வடிவம் இன்றும் எழுத்தில் உயிரோடு இருக்கிறது.

கற்பவரைத் தடுக்கி விழவைப்பது இவை எதுவுமல்ல, 'நு'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'ஜு' பெரும்பாலும் 'நு' ஆகிவிடும். சீன நூல்களை ஜப்பானியத்தில் வாசிக்கும் நடையில் அந்த இடத்தில் 'ஜு'வின் இன்னொரு வடிவமான 'ஜரு'வுக்கே முதலிடம். பாட்டிலும் கதையிலும் 'நு'தான் இயல்பு. சிக்கல் என்னவென்றால், 'முடிந்துவிட்டது' என்று பொருள்தரும் இன்னொரு 'நு'வும் இருக்கிறது. 'வா' என்பதற்கான சீன எழுத்தை எழுதிப் பக்கத்தில் 'நு' போட்டால், 'கொநு' என்று படிக்கலாம். வராத என்று பொருள். 'கிநு' என்றும் படிக்கலாம். வந்துவிட்டது என்று பொருள். அதே தொகுப்பில் கவிஞர் தெய்கா, வராதவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் குரலில் பாடுகிறார்: 'கொநு ஹிதொ', வராத ஆள். மாலைக் கடற்கரையில் உப்புக்காக எரிக்கும் கடற்பாசிபோல அவள் உடல் கருகுகிறது. கிநு என்று படித்தால் பாட்டே கவிழ்ந்துவிடும்.

எப்படிப் பிரித்தறிவது? அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஹிதொ' பெயர்ச்சொல். முடிவைக் காட்டும் 'நு' பெயருக்கு முன்னால் 'நுரு' ஆகிவிடும். ஆகவே இங்கே நிற்பது மறுப்பு. வாக்கியத்தின் கடைசியில் 'ஹரு கிநு' என்று வந்தாலோ, வசந்தம் வந்துவிட்டது.

பழந்தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'உண்ணா வந்தான்' என்றால் உண்டு வந்தான். 'ஓடாக் குதிரை' என்றால் ஓடாத குதிரை. இரண்டும் 'செய்யா' என்ற ஒரே அச்சில் வார்த்தவை. வினை தொடர்ந்தால் பெரும்பாலும் உடன்பாடு, பெயர் தொடர்ந்தால் மறுப்பு. இரு மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லவரவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்கு 'நு' சீக்கிரம் பிடிபடும்.

ஆகவே முதலில் 'ஜு', அதன் கையோடு 'நு', பிறகு 'ஜி', கடைசியில் 'மஜி' என்று படிப்பதே நல்லது. 'நு' வழக்கொழிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். மன்னிப்புக் கேட்க ஜப்பானியர் நாள்தோறும் சொல்லும் 'ஸுமிமஸென்' என்ற சொல்லின் கடைசி 'ன்' அந்தப் பழைய 'நு'தான்.