பிக்கப்பின் முன் பிரேக்கைப் பெரிதாக்கியபின்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என் பிக்கப்பின் முன் சக்கரங்களில் நிறுவனம் கொடுத்த டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு) எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய டிஸ்க்கையும் நான்கு பிஸ்டன் காலிப்பரையும் (பேட் எனும் உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி) பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. காலி வண்டியாகவும், முழு லோடுடனும், மலைச் சாலை இறக்கங்களிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். ஒரே ஒரு முறை அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது வண்டி நிற்கும் தூரம் பெரிதாகக் குறையும் என்று நினைத்து இந்தச் செலவைச் செய்பவர் ஏமாந்துதான் போவார். நல்ல நிலையில் இருக்கும் பழைய பிரேக்கே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்கும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடித்துவிடும். அதற்குமேல் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு.

வேறுபாடு தெரிவது சூட்டில்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. லோடு ஏற ஏற அதுவும் கூடவே ஏறுகிறது. முன்பெல்லாம் நீண்ட இறக்கத்தில் சில வளைவுகள் கடந்ததுமே தீய்ந்த நாற்றம் வரும். பெடல் கல் போல நிற்கும், ஆனால் வண்டி பிடிக்காது. அது பேட் சூடேறி உராய்வை இழந்ததன் அடையாளம். பெடலே மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது என்று பொருள். இரண்டில் இதுவே அபாயமானது. புதிய டிஸ்க்கில் இரும்பு அதிகம் என்பதால் அதே சூட்டுக்கு வெப்பநிலை குறைவாகவே ஏறுகிறது; விட்டம் பெரிது என்பதால் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருக்கிறது. அதே இறக்கத்தில் இப்போது பெடல் தொடக்கத்தில் இருந்தபடியே கடைசி வரை இருக்கிறது. அதற்காக, கியரைக் குறைத்து இறங்கும் பழக்கத்தை நான் விட்டுவிடவில்லை.

இந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு, அதிகச் செலவில்லாத பிரேக் ஆயில் மாற்றத்துக்கும் உரியது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230-உம் 155-உம் ஆகும். காற்றிலுள்ள ஈரத்தை ஆயில் தானாகவே இழுத்துக்கொள்வதால், ஓடாத வண்டியிலும் அது கெடும். நிறுவனக் கையேடு அனுமதித்தால் டாட் 4 ஊற்றி, நல்ல பேடும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, அதுவும் போதாதபோது பெரிய காலிப்பரைப் பற்றி யோசிப்பதே முறை. சமவெளியில் காலியாக ஓடும் வண்டிக்கு அநேகமாக அதுவே போதும்.

காலிப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது பிஸ்டன்களின் எண்ணிக்கையை விட அவற்றின் மொத்தப் பரப்பையே பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) பழையதாகவே இருக்க, பரப்பு மிகவும் கூடினால் பெடல் ஆழமாக இறங்கும். என்னுடையது பழைய அளவை ஒட்டியே இருப்பதால் பெடலின் உணர்வு மாறவில்லை. டிஸ்க்கை மாட்டுமுன் ஹப் முகத்தில் (டிஸ்க் அமரும் சக்கர மையப் பகுதி) படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். காகிதத் தடிமன் துரு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பு அசைந்து சுழலும், நாளடைவில் அதன் தடிமன் சீரற்றுப்போகும், பிறகு பிரேக் அடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முடுக்க உதவும் கருவி) வைத்தே முடுக்கினேன். இன்றுவரை உதறல் இல்லை.

குறைகளும் உண்டு. செமி மெட்டாலிக் (உலோகம் கலந்த) பேட் என்பதால் சக்கரங்களில் கரும்பொடி படிகிறது. குளிர்ந்த காலையில் முதல் சில பிரேக்குகளுக்குக் கீச்சொலி வருகிறது. இவை எனக்குப் பொருட்டில்லை. பெரிய காலிப்பருக்கு இடம் வேண்டி 17 அங்குலச் சக்கரங்களுக்கு மாறியதுதான் உண்மையான தொல்லை, ஏனெனில் வண்டியோடு வந்த 16 அங்குல ஸ்டெப்னி முன்பக்கம் மாட்டாது. முன் டயர் பஞ்சரானால், பின் சக்கரத்தைக் கழற்றி முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டியிருக்கிறது. லோடு ஏற்றிய வண்டியை அப்படி இரண்டு முறை ஜாக்கியில் தூக்கிய பிறகு, ஐந்தாவதாக ஒரு 17 அங்குலச் சக்கரமும் வாங்கிவிட்டேன்.