முத்திரைச் சொக்லேட்டா, மாத்தளைச் சொக்லேட்டா?

திருகோணமலையில் மனச்சாட்சி உறுத்தாமல் சொக்லேட் வாங்க விரும்புபவர், விவசாயிக்கு நியாயமான விலை கிடைப்பதை நோக்காகக் கொண்ட ஃபெயார்ட்ரேட் சான்று முத்திரையுள்ள இறக்குமதியையும் மாத்தளைக் கொக்கோவில் செய்த உள்நாட்டுச் சொக்லேட்டையும் ஒப்பிடலாம். சிறுவர் உழைப்புப் பற்றிய கவலை முதன்மையாகக் கானாவையும் ஐவரி கோஸ்ட்டையும் சார்ந்தது; கொக்கோ உற்பத்தியில் சிறுவர் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிக்கச் சொக்லேட் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட 2001ஆம் ஆண்டின் ஹார்கின்-எங்கல் உடன்பாட்டுக்குப் பின்னரும் அது தீரவில்லை. முத்திரையின் வழியே, 2019 ஒக்டோபர் முதல், விவசாயிகளின் கூட்டுறவுக்கு விலைக்கு மேலாகக் கொக்கோத் தொன்னுக்கு 240 அமெரிக்க டொலர் சேர்கிறது. ஆயினும் முத்திரையருகே சிறு அம்புக்குறி இருந்தால் உறையின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். சான்றுபெற்ற கொக்கோ ஆலையில் ஏனையதுடன் கலக்கப்பட்டு, வாங்கிய அளவும் முத்திரையுடன் விற்ற அளவும் கணக்கில் மட்டும் சமன்செய்யப்பட்டிருக்கலாம்.

உள்நாட்டுச் சொக்லேட்டில் முத்திரை இல்லாவிட்டாலும், விளைந்த தோட்டத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால் கொக்கோவுக்குக் கொடுத்த கொள்விலையைத் தயாரிப்பாளரிடமே விசாரிக்கலாம். ‘இலங்கைத் தயாரிப்பு’ என்பது மட்டும் போதாது; இறக்குமதிக் கொக்கோவும் இங்கே வார்க்கப்படக்கூடும். தோட்டப் பெயர் இருந்தால் நான் மாத்தளையையே தெரிவேன், இல்லையேல் முத்திரையை.