கிரீன் பீன்ஸ் கேசரோலை சூப்பாக்குவது: பல குளிர்காலங்கள் வைத்துப் பார்த்த கணக்கு

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, நன்றியறிதல் நாள் விருந்தில், வான்கோழிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் கிரீன் பீன்ஸ் கேசரோல், அதாவது பீன்ஸைக் காளான் சூப்பில் கலந்து ஓவனில் சுட்டெடுக்கும் பண்டம், பிறந்ததே ஒரு சூப் டப்பாவிலிருந்துதான். 1955-இல் நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில், காம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி என்பவரும் அவர் குழுவும் உருவாக்கிய பண்டம் அது. சேர்மானம் மொத்தம் ஆறு: பீன்ஸ், டப்பா காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகு, பொரித்த வெங்காயம். சூப்பிலிருந்து வந்ததை மறுபடி சூப்பாக்குவதில் என்ன கஷ்டம், இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினால் போதாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது. அப்படிச் செய்தால் கிடைப்பது உப்புக் கரிக்கும் மாவுக் கரைசல். அதில் நிறம் செத்த பீன்ஸும் ஊறிப்போன வெங்காயமும் மிதக்கும்.

காரணம் எளிது. அந்த டப்பா சூப் சுண்டவைத்த சூப். குடிப்பதற்கு என்றால் அதே டப்பா அளவு தண்ணீரோ பாலோ சேர்க்க வேண்டும். கேசரோலில் அரை முதல் முக்கால் கப் பால்தான் சேர்கிறது. பிறகு 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம் கொதித்து, ஓரமெல்லாம் சிவந்து, மேலே வெங்காயம் வறுபட்டு வருகிறது. நாக்குக்குப் பிடித்துப்போகும் ருசி பெரும்பாலும் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. சூப் பாத்திரம் ஓவனுக்குள் போகப்போவதில்லை. ஆகவே அந்தச் சிவப்பைப் பாத்திரத்தின் அடியில் முதலிலேயே உண்டாக்கியாக வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு க்ரீம் கொட்டினாலும் சூப் சப்பென்றுதான் இருக்கும்.

ஆறு பேருக்கு, ஏறக்குறைய இரண்டு லிட்டர் சூப்புக்கு, நிலைத்துப்போன அளவு இது. வெள்ளைப் பட்டன் காளான் 400 கிராம், நடுத்தர வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், வெண்ணெய் 50 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மைதா 45 கிராம், உப்புக் குறைந்த காய்கறி அல்லது கோழி ஸ்டாக் (வேகவைத்து வடித்த சாறு) ஒரு லிட்டர், கொழுப்பு நீக்காத பால் 300 மில்லி, கெட்டியான க்ரீம் 100 மில்லி, பீன்ஸ் 400 கிராம், சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தைம் என்ற காய்ந்த மூலிகை இலை அரைத் தேக்கரண்டி. ஜாதிக்காய் ஒரு சிட்டிகை போடலாம், அதற்கு மேல் வேண்டாம். பாயச வாசம் வந்துவிடும். மேலே தூவப் பொரித்த வெங்காயம் தனி. பாத்திரம் அடிகனமானதாக, நான்கைந்து லிட்டர் கொள்வதாக இருக்கட்டும். நான்ஸ்டிக் இதற்கு ஆகாது, அதில் அடி சிவந்து பிடிக்காது.

காளானில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 400 கிராமையும் ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வேகும், வதங்காது. இரண்டு ஈடாகப் போட்டு, நல்ல சூட்டில், எண்ணெய் மட்டும் விட்டு, ஈட்டுக்கு ஏழெட்டு நிமிடம் விடுங்கள். முதல் மூன்று நிமிடம் கிளறவே வேண்டாம். உப்பு கடைசியில்தான், முன்னால் போட்டால் தண்ணீர் இன்னும் சீக்கிரம் கசியும். காளான் பாதியாகச் சுருங்கி ஓரம் பழுப்பேறி, பாத்திரத்தின் அடியில் பழுப்புப் படலம் படிந்திருந்தால் சரி. படலம் கருத்துவிட்டால் தயங்காமல் பாத்திரத்தை மாற்றிவிடுங்கள், அந்தக் கசப்பைப் பால் மறைக்காது. காளான் முழுவதையும் பாத்திரத்திலிருந்து எடுத்துவிட்டு, அலங்காரத்துக்கு அதில் ஒரு கைப்பிடியைத் தனியே வைக்கவும்.

இப்போது சூட்டைத் தணித்து வெண்ணெயும் பொடியாக நறுக்கிய வெங்காயமும். வெங்காயம் விடும் ஈரத்திலேயே அடிப்படலம் இளகிவரும், மரக்கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். ஆறு நிமிடம் கழித்துப் பூண்டும் தைமும் அரை நிமிடம், அடுத்து மைதா. மைதாவைப் போட்டபின் இரண்டு மூன்று நிமிடம் கைவிடாமல் கிளறி, பச்சை வாசனை போய் வறுத்த வாசம் எழும்வரை விடுங்கள். நிறம் மாறவேண்டியதில்லை; மாவு சிவக்கச் சிவக்கக் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும்.

ஸ்டாக்கை முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றிக் குழைக்கவும். அது பசைபோல ஆனதும் அடுத்த கரண்டி. மூன்று நான்கு கரண்டிக்குப் பிறகு மீதியை ஒரே மூச்சில் ஊற்றலாம், கட்டி தட்டாது. எடுத்ததும் மொத்தத்தையும் கொட்டினால் மாவு வெளியே வெந்து உள்ளே காய்ந்த உருண்டைகளாகிவிடும். அதற்குப் பிறகு 12 முதல் 15 நிமிடம் மெல்லிய கொதி. இந்தக் கொதியைச் சுருக்குவதுதான், கவனித்தவரையில், வீட்டு சூப்பில் வரும் மாவு வாசத்துக்கு முதல் காரணம். சூப் கெட்டியாகிவிட்டது என்பதால் மாவு வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வதக்கிய காளானைச் சேர்த்து, பாத்திரத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அரைக்கவும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் பாத்திரத்துக்குள்ளேயே பத்துப் பதினைந்து நொடி போதும். மிக்ஸி என்றால் ஜாரில் பாதிக்குமேல் ஊற்றாமல், மூடியின் நடுத்துளையைத் திறந்து துணியால் பொத்தி ஓட்டுங்கள். சூடான திரவம் அடைத்த மூடியைத் தூக்கி எறிந்துவிடும். முழுவதையும் அரைத்தால் கிடைப்பது சாம்பல் நிறக் கூழ், பார்க்கவே பிடிக்காது. இந்த சூப் எப்படியும் கொஞ்சம் சாம்பல் பழுப்பாகத்தான் இருக்கும், அதில் குறையில்லை. குடையின் அடியில் கருமையான மடிப்புகள் கொண்ட பெரிய போர்ட்டபெல்லா காளானைத் தவிர்த்தால் நிறம் ஓரளவு தப்பிக்கும்.

சோயா சாஸைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1955-இன் செய்முறையிலேயே அது இருக்கிறது, ஒரு தேக்கரண்டி. காளானின் ருசியும் சோயாவின் ருசியும் ஒன்றையொன்று தூக்கிவிடும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் உலர்ந்த ஷிடாகி காளான் 10 கிராமை 200 மில்லி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, மண் படிந்த அடி நீரை விட்டுவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஸ்டாக்கோடு சேருங்கள். ஸ்டாக்கில் அதே அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காய்கறி ஸ்டாக்கில் வைப்பவர்களுக்கு இது ஏறக்குறைய கட்டாயம் என்பேன்.

பால் சேர்க்கும் இடத்தில் பயம் தேவையில்லை, கவனம் தேவை. மைதா இருப்பதால் பால் எளிதில் திரியாது. ஆனால் தளதளவென்று கொதிக்கும் சூப்பில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் கொட்டி, மறுபடி கொதிக்கவிட்டால் பொடிப் பொடியாகத் துகள் தெரியும். பாலைத் தனியாகச் சூடாக்கி, சூப்பின் கொதி அடங்கியபின் ஊற்றி, க்ரீமும் சேர்த்து, 85 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஓரத்தில் சிறு குமிழி எட்டிப் பார்க்கும் பக்குவம். கரண்டியின் பின்புறம் படிந்த சூப்பில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பிடிக்கும் என்பவர்கள் கிண்ணத்தில் பிழிந்துகொள்ளட்டும், பாத்திரத்தில் வேண்டாம்.

பால் வேண்டாதவர்களுக்கு 60 கிராம் முந்திரியை ஊறவைத்து விழுதாக அரைத்து, பாலுக்குப் பதில் ஸ்டாக்கை நீட்டி, மைதாவை 30 கிராமாகக் குறைத்துச் செய்தால் நன்றாகவே வருகிறது. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் என்று சொல்லவேண்டியதில்லை. தேங்காய்ப்பால் ஊற்றினால் அது சொதி; நல்ல சொதிகூட இல்லை.

இனி பீன்ஸ். கேசரோலில் பீன்ஸ் நிறம் செத்துக் கிடந்தாலும் மேலே வெங்காயம் மூடியிருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை, சூப்பில் ஒவ்வொரு துண்டும் கண்ணில் படும். பச்சையத்தில் உள்ள மக்னீசியம், நீண்ட சூட்டிலும் புளிப்பிலும் கழன்றுபோவதால்தான் அந்த மங்கிய ஆலிவ் நிறம். பீன்ஸை சூப்பிலேயே வேகவைத்தால் இது நிச்சயம். இரண்டு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்புப் போட்டு, மூடாமல், நல்ல கொதியில் நான்கு நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம். பிறகு வடித்துத் துணியில் உலர்த்தல். மூடி போட்டால் காயிலிருந்து ஆவியாகும் புளிப்பு திரும்பத் தண்ணீருக்குள் விழும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடும் பழக்கம் வேண்டாம், நிறம் நிற்கும், காய் கூழாகும். கேசரோலுக்கு நான்கு சென்டிமீட்டர் நீளம் சரி. சூப்புக்கு இரண்டு, ஒரு கரண்டிக்குள் அடங்குமளவு. ஃப்ரோசன் பீன்ஸ் என்றால் தொழிற்சாலையிலேயே ஒருமுறை வெந்நீர் கண்டது, கடைசி ஐந்து நிமிடம் சூப்பில் நேரே போடலாம். டப்பா பீன்ஸ் ஏற்கெனவே நிறம் போனது, அலசி வடித்துக் கடைசி நிமிடம் போட்டால் போதும். ருசியில் குறைதான், ஆனால் பழைய கேசரோல் ஞாபகத்தைச் சரியாகக் கொண்டுவருவது அதுதான் என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வெங்காயத்தை ஒருபோதும் பாத்திரத்தில் போடாதீர்கள். கிண்ணத்தில், சாப்பிட உட்கார்ந்தபின், பாதி இப்போது, பாதி நடுவில். டப்பாவில் வரும் பொரித்த வெங்காயம் நமுத்திருந்தால் 175 டிகிரியில் மூன்று நிமிடம் சூடுகாட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். பிரியாணிக்கு விற்கும் பொரித்த வெங்காயத்தில் மாவுப் பூச்சு இல்லையென்றால், சூப்பில் உடனே துவண்டுவிடும். வீட்டில் செய்வதென்றால் இரண்டு பெரிய வெங்காயத்தை இரண்டு மில்லிமீட்டர் வளையமாக்கி, பாலில் கால்மணி ஊறவைத்து, மைதா 60, சோளமாவு 20 கிராம், உப்பு கலந்த பொடியில் புரட்டி, 170 டிகிரி எண்ணெயில் மூன்று ஈடாகப் பொரிக்கலாம். விரும்பும் நிறத்துக்கு ஒரு பங்கு முன்பே எடுத்துவிடுங்கள், எடுத்தபின்னும் சிவக்கும். உப்புக் கணக்கில் இந்த வெங்காயத்தையும் சோயா சாஸையும் சேர்த்துக்கொண்டு, சூப்புக்கான உப்பைக் கடைசியில் மட்டும் பாருங்கள்.

இந்த சூப்பை அடிக்கடி வைப்பவர்களுக்கு முதல் நாளைவிட மூன்றாம் நாள்தான் உண்மையான சோதனை. ஃபிரிட்ஜில் அது கெட்டியாகி, கரண்டி நிற்கும் பதத்துக்கு வந்துவிடும். குளிரில் மாவு இறுகுவதால் அப்படி. சூடாக்கும்போது கிண்ணத்துக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி ஸ்டாக் விட்டு, சிறு தீயில் கலக்கினால் இளகும். முதல் நாளே தளர்த்தி வைத்துவிடலாம் என்று கூடுதல் பால் ஊற்றினால் அன்றைக்கு நீர்த்துப்போகும், மறுநாளும் சரியாக வராது. பீன்ஸை சூப்போடு சேர்த்து வைத்தால் இரண்டாம் நாளே மங்கும். ஆகவே காளான் அடி (பாலும் பீன்ஸும் சேர்க்குமுன் உள்ள சூப்) தனி, பீன்ஸ் தனி, வெங்காயம் காற்றுப்புகாத டப்பாவில் வெளியே. சாப்பிடும் அளவுக்கு மட்டும் அடியை எடுத்துப் பால் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டால் நான்கு நாள்வரை ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

உறைய வைப்பதில் இன்னொரு சிக்கல். மைதாவால் கெட்டிப்பட்ட சூப் உறைந்து உருகும்போது தண்ணீர் பிரியும். பாலும் சேர்ந்திருந்தால் தயிர் திரிந்தாற்போல இருக்கும். பாலும் பீன்ஸும் சேர்க்காத அடியை மட்டும் உறைய வைத்தால், உருகியபின் ஒருமுறை பிளெண்டர் ஓட்டி மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுச் சரிசெய்துவிடலாம். எப்போதும் உறைய வைப்பதுதான் வழக்கம் என்றால் மைதாவுக்குப் பதில் ஒட்டரிசி மாவு போடுங்கள், அது உறைந்து உருகினாலும் நீர் பிரியாது. ஆசியக் கடைகளில் மோச்சி என்ற ஜப்பானிய அரிசிப் பலகாரம் செய்ய விற்பார்களே, அந்த மாவு. நம் இடியாப்ப மாவு வேறு அரிசி, அது இந்த வேலைக்கு உதவாது.

விருந்தில் மிஞ்சிய கேசரோலையே சூப்பாக்குவதும் நடக்கும், ஆனால் அது வேறு பண்டம். மேலே உள்ள வெங்காயத்தை முழுக்க வழித்து எடுத்துவிட்டு, 500 கிராம் கேசரோலுக்கு 500 மில்லி உப்பில்லாத ஸ்டாக், 120 மில்லி பால். உப்புள்ள ஸ்டாக் விட்டால் வாயில் வைக்க முடியாது. ஐந்தாறு காளானைப் புதிதாகச் சிவக்க வதக்கிச் சேர்ப்பது பழைய வாடையைப் போக்கும். பீன்ஸை அரைக்க வேண்டாம், நார் தட்டும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கேசரோலுக்கு இந்த வைத்தியம் இல்லை, கொட்டிவிட வேண்டியதுதான். ஃபிரிட்ஜில் இருந்தது என்றாலும் நான்கு நாளுக்குள், 74 டிகிரிவரை சூடாக்கி.

இதே அடியை மற்ற கேசரோல்களுக்கும் நீட்டலாம். டூனா நூடுல்ஸ் கேசரோல் என்றால் நூடுல்ஸைத் தனியே வேகவைத்துக் கிண்ணத்தில் சேருங்கள், பாத்திரத்தில் போட்டால் இரவுக்குள் சூப் முழுவதையும் குடித்துவிடும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர்களின் கோழி, வைல்ட் ரைஸ் கேசரோலும் அப்படியே. அந்தக் கறுப்புத் தானியம் வேக முக்கால் மணிக்கும் மேலாகும், சூப்பில் நேரே போட்டால் தானியம் மலர்வதற்குள் பால் கெட்டுவிடும்.

அலுவலகத்துக்கு எடுத்துப்போவதென்றால் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு சூப்பை ஊற்றுங்கள். பீன்ஸும் அதிலேயே போகட்டும், நிறம் கொஞ்சம் மங்கினால் பாதகமில்லை. வெங்காயத்துக்கு மட்டும் தனி டப்பா.