பிரீட்பிளான் எண்ணைப் பார்த்துப் பொலிகாளை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பிரீட்பிளான் என்பது மாட்டின் மரபுத் திறனை எண்களாகக் கணக்கிட்டுத் தரும் ஆஸ்திரேலியச் சேவை. நானும் மச்சானும் குயின்ஸ்லாந்தில், ராக்ஹாம்ப்டனுக்கு மேற்கே, குத்தகை நிலத்தில் நாற்பது பிராமன் பசுக்களை இறைச்சிக் கன்றுகளுக்காக வளர்க்கிறோம். இந்தச் சேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முதல் காளையைப் பட்டியில் விட்டது 2019 டிசம்பரில். அதன் மகள்கள் வளர்ந்து, தலையீத்துக் கன்று போட்டு, மறுபடி சினை பிடித்ததா என்று தெரிய 2024 மே ஆகிவிட்டது. பொலிகாளை விஷயத்தில் அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் அவசரப் பேச்சு.

அதற்கு முந்தைய காளையைத் தோற்றத்தைப் பார்த்து வாங்கினோம். நல்ல திமில், அகன்ற நெஞ்சு, சாதுவான குணம். எண்ணும் கேட்கவில்லை, விந்துப் பரிசோதனைச் சான்றும் கேட்கவில்லை, விற்றவரும் தரவில்லை. மூன்று மாதம் பசுக்களோடு விட்டோம். மே மாதம் மருத்துவர் கை விட்டுப் பார்த்தபோது நாற்பதில் இருபத்தொன்றுதான் சினை. முதல் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்பதில் ஒன்றே ஒன்றுதான் சினை. மச்சான் அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை.

காரணம் ஒன்றல்ல. காளையின் விந்தைப் பரிசோதித்தால் உருக்குலைந்த அணுக்கள் அதிகம். காளைக்கு ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அதனால் இடையில் காய்ச்சல் வந்தாலோ கடும் வெயிலில் வாடினாலோ அதன் பாதிப்பு பல வாரம் கழித்துத்தான் தெரியும். இன்னொரு காரணத்தை நாங்களே கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ளாமல் இருந்தோம். பசுக்கள் வேலியோரம் நின்று, செத்த மாட்டின் பழைய எலும்பை வாயோரமாக ஒதுக்கி மணிக்கணக்கில் மென்றுகொண்டிருக்கும். ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டோம். மண்ணில் பாஸ்பரஸ் பற்றாக்குறை என்பதற்கு அது அடையாளம், அப்படி எலும்பு மெல்லும் மாட்டுக்கு பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வேறு வரலாம் என்று மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. புல் பச்சையாக இருக்கும் மழைக்காலத்தில்தான் மாடு நக்கித் தின்ன வைக்கும் பாஸ்பரஸ் கலவை நன்றாக வேலை செய்யும். நாங்கள் வறண்ட மாதங்களில் யூரியாக் கலவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, பிரீட்பிளானுக்கு வருகிறேன். ஆர்மிடேலில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தை ஒட்டிய கால்நடை மரபியல் ஆய்வுப் பிரிவு உருவாக்கியது இது, 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. காளையின் விவரத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். எடை, இறைச்சி என்று நிறைய எண்கள் இருக்கும். சினை விஷயத்துக்கு நான் முதலில் பார்ப்பது 'கன்று ஈனும் நாட்கள்' என்ற வரி. பசுவோடு காளையை விட்ட நாளிலிருந்து கன்று விழும் வரை எத்தனை நாள் என்பதை வைத்துக் கணக்கிடுவது, எண் குறையக் குறைய நல்லது. ஒரு காளைக்கு கழித்தல் 10, இன்னொன்றுக்குக் கூட்டல் 4 என்றால் வித்தியாசம் 14. மகளுக்குப் போவது அதில் பாதி, சராசரியாக ஏழு நாள்.

ஏழு நாள் ஒரு பெரிய விஷயமா என்று நானும் நினைத்தேன். பிராமன் பசு சினை சுமப்பது ஏறத்தாழ 290 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 75 நாளுக்குள் மறுசினை பிடித்தாக வேண்டும், அதில் ஏழு நாள் சின்னதல்ல. பிராமன் நம் நாட்டு ரத்தம்தான், நெல்லூர், கிர், குஜராத் மாடுகளை வைத்து அமெரிக்காவில் உருவாக்கி 1933-ல் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஆனால் கிடாரி பருவத்துக்கு வருவது தாமதம், கன்று மடியில் இருக்கும்வரை பல பசுக்கள் பருவத்துக்கே வராது.

சினைப்பிடிப்பில் மரபின் பங்கு ரொம்பக் குறைவு, எல்லாம் தீனிதான் என்று இங்கே பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். கன்று ஈனும் நாட்களை மொத்தமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் வட ஆஸ்திரேலியாவில் பிராமன் கிடாரிகளின் சூலகத்தை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வில், பருவத்துக்கு வரும் வயதில் உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபால் வருவது என்று தெரிந்தது. முதல் கன்றுக்குப் பின் மறுபடி பருவத்துக்கு வர எடுக்கும் காலத்திலும் மரபின் பங்கு பெரியது. எனக்கு இது முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் எங்கள் பட்டியில் ஓட்டை விழுந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இப்போது முடிவு. புதுக் காளையின் மகள்கள் பதினான்கு தலையீத்துப் பசுக்களில் ஒன்பது மறுசினை. அந்த ஐந்து வருடத்தில் பாஸ்பரஸ் கலவையையும் ஆரம்பித்திருந்தோம், மாடுகளின் எண்ணிக்கைக்கேற்ற மேய்ச்சலும் இருந்தது, கன்று போடும்போது பசுக்களின் உடல் மதிப்பு (மெலிவா கொழுப்பா என்று பார்த்துப் போடும் மதிப்பெண்) ஐந்துக்கு மூன்று. இதில் காளையால் எவ்வளவு, தீனியால் எவ்வளவு என்று எங்கள் பட்டியை வைத்துப் பிரிக்கவே முடியாது. பிரீட்பிளான் செய்வது அந்தப் பிரிப்பைத்தான். ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே புல்லைத் தின்று, ஒரே கவனிப்பில் வளர்ந்தவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உறவுமுறையையும் வால்முடியிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. விவரத்தையும் சேர்த்து மரபின் பங்கைத் தனியே எடுக்கிறது. அது கையில் இருந்தால் கொழுத்த தீனி போட்டு மினுக்கிய காளையைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

பிரீட்பிளானுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் துல்லியச் சதவீதம் இளங்காளைகளுக்குக் குறைவாக இருக்கும், எண்ணுக்குக் கீழே இருக்கும் அதைப் பார்க்காமல் ஏலத்துக்குப் போகாதீர்கள். சினை பிடிக்காத பசுக்களையும் சேர்த்து ஒழுங்காகப் பதிவு செய்யும் பண்ணையின் எண்ணுக்குத்தான் பலம் உண்டு, விற்பவரிடம் இதை நேராகக் கேளுங்கள். பொதுவாக ஒரு இனத்தின் எண்ணை இன்னொரு இனத்தோடு ஒப்பிடவும் கூடாது. அப்புறம், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காளையின் இந்த வருட விந்துப் பரிசோதனைச் சான்று தனியாக வேண்டும். மரபு நன்றாக இருந்தும் இந்த மாதம் விந்து கெட்டிருக்கலாம், அதை எந்த எண்ணும் காட்டாது.

இரண்டாவது காளையின் மகள்கள் இப்போது கிடாரிகள். அவற்றின் மறுசினைக் கணக்கு வந்ததும் இதே இடத்தில் சேர்க்கிறேன்.